பெயரில்லாத் தலைவி முதல் பொன்னா வரை: சேலம் - நாமக்கல் சமவெளியின் இலக்கியத்தில் தனிமனிதரும் ஊரும்

திருச்செங்கோட்டைச் சுற்றிய காட்டுப்புறங்களில் வீட்டுக்கு வரும் உறவினரை ‘ஒறம்பறை’ என்பார்கள். ஒறம்பறை வந்தால் அடுப்பில் கோழிக்குழம்பு கொதிக்கும், கட்டில் வாசலுக்கு வரும், பேச்சு நடுச்சாமம் வரை நீளும். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் முதலில் ஓடிவந்து தோள் கொடுப்பதும் ஒறம்பறைதான். கல்யாணமாகி மூன்று வருஷமான பெண்ணை நாலு பேர் முன்னால் நிறுத்தி, ‘ஏதாச்சும் விசேசம் உண்டா?’ என்று கேட்பதும் அதே ஒறம்பறைதான். தாங்கும் கையும் குத்தும் நாவும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

‘சமூகம்’ என்ற சொல் இங்கே மேடையில் மட்டுமே புழங்குகிறது. வாசலில் புழங்கும் சொற்கள் வேறு: ஊர், சனம், பங்காளி, நாலு பேர். தனிமனிதருக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை இலக்கியம் எப்படி ஆராய்ந்திருக்கிறது என்ற பெரிய கேள்வியை, இந்தச் சின்னச் சொற்களின் வழியாகக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட நிலம் கொல்லிமலை, சங்ககிரி, திருச்செங்கோட்டு மலை ஆகியவற்றுக்கிடையே காவிரிவரை விரிந்து கிடக்கும் சமவெளி. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை இது முழுவதும் சேலம் மாவட்டமாகவே இருந்தது. தேவையான இடத்தில் கொங்கு நாட்டின் பிற பகுதிகளுக்கும் கொஞ்சம் போய்வரலாம்.

பல நூற்றாண்டுகளின் எழுத்தை ஒரே மூச்சில் பார்க்கப் பிடிமானமாக ஒரு கேள்வி வேண்டும். என் கேள்வி பெயரைப் பற்றியது. யாருக்குப் பெயர் உண்டு? அதை வைப்பவர் யார்? ஊர் வைத்த பெயரை ஒருவர் உதறித் தள்ள முடிகிறதா? தனிமனிதருக்கும் ஊருக்குமான வழக்கு முழுவதும் இந்த மூன்று கேள்விகளில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அலர்: ஊரின் முதல் குரல்

சங்க அகப்பாடல்களில் காதலிக்கும் எவருக்கும் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற நிலைகள்தான் உண்டு. அன்பின் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே வகுத்திருக்கிறது. எவருடைய அனுபவமாகவும் இருக்கக்கூடியதைப் பாட வேண்டுமென்றால் ஒருவருடைய பெயர் தடை என்று அந்த மரபு கருதியது.

பெயரில்லாத அந்தப் பெண்ணுக்கு எதிரே நிற்பது ஊர். அந்த ஊருக்கு அகப்பாடல்கள் தந்த குரலின் பெயர் ‘அலர்’. வாய்க்குள் முணுமுணுக்கும்போது ‘அம்பல்’, வெளிப்படையாக எல்லோர் வாயிலும் புரளும்போது ‘அலர்’ என்று பழந்தமிழர் இரண்டு படிகளாகப் பிரித்தே பேசியிருக்கிறார்கள். திருக்குறள் இதற்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது. வதந்தி எப்படிப் பிறக்கிறது, எந்தக் கட்டத்தில் அது அதிகாரமாக மாறுகிறது என்று இத்தனை நுட்பமாகப் பகுத்துப் பார்த்த இலக்கியம் குறைவு. அலருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊர் பேசப் பேசத் தலைவியின் காதல் வளர்கிறது. வீட்டார் மணம் முடித்துத்தான் தீர வேண்டும் என்ற நெருக்கடியும் வருகிறது. ஊரின் நாக்கு அவளை வதைக்கிறது, அவளுக்கு வழியும் திறக்கிறது. ஒறம்பறையின் இரட்டை முகத்தை அகப்பாடல்கள் அன்றே கண்டுவிட்டன.

நம் சமவெளியின் கிழக்கே நிற்கும் கொல்லிமலை இந்தப் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கபிலரும் பரணரும் தலைவியின் அழகைக் கொல்லிப்பாவையோடு ஒப்பிட்டார்கள். தெய்வம் செய்த பாவை அது. காற்று மோதினாலும் இடி இடித்தாலும் மழை பெய்தாலும் வடிவம் கெடாதது. பெயரற்ற பெண்ணுக்குக் கிடைத்த உவமையும் உயிரற்ற பாவையாக இருப்பது கவனிக்கத்தக்கது. அழியாத அழகு அவளுக்குத் தரப்பட்டது. அவளுக்கே உரிய வரலாறு தரப்படவில்லை.

பெயர் கேட்டு நாணிய வள்ளல்

புறப்பாடல்களில் நிலைமை தலைகீழ். அங்கே எல்லோருக்கும் பெயர் உண்டு. பெயரை நிலைநிறுத்துவதே பாட்டின் வேலை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாடலில் (152) அருமையான ஒரு காட்சி வருகிறது. காட்டில் ஒருவன் ஒரே அம்பால் யானை தொடங்கி உடும்புவரை பல விலங்குகளை வீழ்த்துவதைப் பாணர் கூட்டம் பார்க்கிறது. அவன் யாரென்று தெரியாமலே அவன் முன் பாடுகிறார்கள். பாட்டில் ‘அரசே’ என்ற விளி வந்ததும், அது தன்னையே குறிப்பதால் அவன் நாணிப்போகிறான். இறைச்சியும் கள்ளும் பொன்னும் மணியும் கொடுக்கிறான். 

கழைதின் யானையார் அதே ஓரியைப் பார்த்துப் பாடிய பாடல் (204) இரப்பதை இழிவென்றும், இல்லையென்று மறுப்பதை அதைவிட இழிவென்றும் சொல்கிறது. தருவதையும், அதைவிடப் பெருமையாக, தருவதை வாங்க மறுப்பதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறது. இரண்டு தனிமனிதருக்கு நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குள் ஒரு சமூகத்தின் மானம் முழுவதும் இருப்பதை இந்தச் சிறு பாடல் காட்டிவிடுகிறது. பின்னாளில் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூறு குறிக்கிறது. மலை கைமாறியது, பெயர் மட்டும் பாட்டில் நின்றது.

ஆகவே நமக்குக் கிடைத்த செவ்வியல் மரபில் கணக்கு தெளிவாக இருக்கிறது: போரிலும் கொடையிலும் பொதுவெளியில் நிற்பவனுக்குப் பெயர் உண்டு. வீட்டுக்குள்ளும் மனத்துக்குள்ளும் வாழ்பவருக்குப் பெயர் இல்லை.

உடுக்கை அடித்துச் சொன்ன கதை

ஏட்டில் இல்லாத செவ்வியல் ஒன்றும் இந்த மண்ணுக்கு உண்டு. அண்ணன்மார் சாமி கதை என்றும் பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்லப்படும் கதைப்பாடலை உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடுவார்கள். 1960-களில் கொங்கு நாட்டில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக் அதைப் பதிவுசெய்து பின்னர் நூலாக்கினார். உழுதொழில் செய்யும் வெள்ளாளருக்கும் காட்டை நம்பிய வேட்டுவருக்குமான பகை, பங்காளிகளின் வஞ்சனை, இளம் வயதிலேயே மடியும் இரண்டு வீரர்கள், அவர்களுக்காக அழுது தேடும் தங்கை அருக்காணி என்று கதை விரிகிறது.

வீரத்துக்குப் பெயர்போன இந்தக் கதையின் அடியில் ஓடுவது மலட்டுத்தன்மை பற்றிய அச்சம். வீரர்களைப் பெறுவதற்கு முன் அவர்களின் தாய் தாமரை பிள்ளை வரம் வேண்டி நெடுங்காலம் தவம் கிடக்கிறாள். பங்காளிகளுக்கு நடுவே காடு தோட்டம் நிலைக்க வேண்டுமென்றால் வாரிசு வேண்டும். வாரிசு இல்லாத வீட்டின் நிலம் அடுத்தவர் கைக்குப் போகும். ஊரின் கேள்வி நிலத்திலிருந்து முளைத்தது என்பதைக் கதைப்பாடகர்கள் அறிந்திருந்தார்கள். மழையை நம்பிய மேட்டாங்காடும் கவலை இறைத்த கிணறும் உள்ள இந்தச் சமவெளியில் அந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். தாமரை தவமிருந்த கதையை விடியவிடியக் கேட்ட மண்ணில்தான் பிற்காலத்தில் பொன்னா என்ற பெண் ஒரு நாவலில் வந்து நின்றாள்.

சேலத்துக்காரர் கேட்ட கேள்வி

செவ்வியல் நூல்கள் நம் கைக்குத் திரும்பி வந்ததிலும் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் சந்தித்தார். தான் படித்த அந்தாதிகளையும் புராணங்களையும் உலாக்களையும் ஐயர் வரிசையாகச் சொன்னார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வி ஐயரின் வாழ்க்கையைத் திருப்பியது. சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அவர் பதிப்பில் அச்சேறின.

ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதரிடம் கேட்ட ஒரே கேள்வியிலிருந்து ஒரு மொழிச் சமூகம் தன் முன்னோரின் முகத்தைத் திரும்பப் பார்த்தது. பக்தியும் தலபுராணமும் நிறைந்திருந்த படிப்புலகுக்கு, காதலிக்கிற, கோபப்படுகிற, நீதி கேட்கிற மனிதர்கள் மறுபடி அறிமுகமானார்கள். அதே காலத்தில் தமிழ் நாவலும் தொடங்கிவிட்டது. நாவல் செய்த பெரிய காரியம் அகத்தின் மனிதருக்குப் பெயர் வைத்ததுதான். அரசனும் வள்ளலும் அல்லாத ஒருத்திக்கு, அவள் படுக்கையறைக்கும் அடுக்களைக்கும் மனக்குமைச்சலுக்கும், ஓரிக்கும் காரிக்கும் கிடைத்த பெயர் கிடைத்தது.

கள்ளுக்கடையும் கதையும்

இந்தச் சமவெளியின் நவீனக் கதை ஒரு சீர்திருத்த இயக்கத்தோடு பிணைந்தே வளர்ந்தது. சேலத்தில் வழக்கறிஞராக இருந்து நகராட்சித் தலைவர் பொறுப்பும் வகித்த இராஜாஜி, 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற இதழ் வந்தது. அதில் அவரோடு உழைத்தவர் கல்கி. 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரான இராஜாஜி அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் அமல்படுத்திய மாவட்டம் சேலம். அந்த வருவாய் இழப்பை ஈடுகட்டவே 1939-இல் விற்பனை வரி வந்தது. ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் கண்ணீரைப் பற்றிய கதைகளுக்கும் ஒரு மாகாணத்தின் வரவு செலவுத் திட்டத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டானது.

இராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’ இந்த வரிசையில் நினைவில் நிற்கும் கதை. அன்பாக வாழத் தொடங்கும் கிராமத்துத் தம்பதி, கள்ளு, கடன், மானக்கேடு, நீதிமன்றம் என்று அது இறங்கிக்கொண்டே போகிறது. 1974-இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இதைத் திரைப்படமாக்கினார். தலைப்பைப் பாருங்கள்: பார்வதிக்குப் பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் அவளுடைய நிலையும் சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கிறது. அவள் ஒரு தீமையின் சாட்சியாக வருகிறாள். தீமையை நீக்கினால் பார்வதிகள் வாழ்வார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கதையின் பலம். ஊரின் மற்ற கணக்குகள், நிலமும் சாதியும் வாரிசும், அதில் உள்ளே வருவதில்லை என்பது அதன் எல்லை. சட்டம் கொண்டுவரும் கைக்கு உதவிய இலக்கியம் அது. அந்தக் கடமையை அது நேர்மையாகச் செய்தது.

மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை வேறொரு வழியில் போனார். அவருடைய ‘மலைக்கள்ளன்’ ஊருக்கு வெளியே, மலையில் இருந்துகொண்டு ஊருக்கு நீதி செய்யும் மனிதனின் கதை. 1954-இல் அது திரைப்படமாகிப் பெரும் வெற்றி பெற்றது. பார்வதி ஊருக்குள் நசுங்குகிறாள். மலைக்கள்ளன் ஊரைவிட்டு விலகி அதைத் திருத்துகிறான். ஊருக்குள்ளேயே நின்று அதை எதிர்கொள்ளும் மனிதர் இனிமேல்தான் வர வேண்டியிருந்தது.

நாகம்மாள் கேட்ட பங்கு

அவள் 1942-இல் வந்தாள். கொங்கு நாட்டின் கீரனூரைச் சேர்ந்த ஆர். ஷண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’, வட்டாரப் பேச்சையும் வாழ்வையும் முழுமையாகக் கொண்டுவந்த தமிழின் முதல் நாவலாகக் கொண்டாடப்படுகிறது. கணவனை இழந்தவள் நாகம்மாள். கொழுந்தன் சின்னப்பன் நல்லவன், அவன் மனைவி ராமாயியும் நல்லவள். இருந்தும் நாகம்மாள் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். ஊர்ச் சண்டியன் கெட்டியப்பன் அவளுக்குத் துணையாகிறான். பங்குப் பேச்சு சின்னப்பனின் கொலையில் முடிகிறது.

அன்றைய சட்டத்தோடு சேர்த்துப் படித்தால் இந்த நாவலின் கூர்மை தெரியும். 1937-இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வரையறுக்கப்பட்ட உரிமை தந்தது. விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொங்கு நாட்டில் சொத்து என்றால் நிலம்தான். நாகம்மாள் கையில் சட்டம் இல்லை, பங்காளிகள் இல்லை, கணவன் இல்லை. இருந்தது ஆசையும் அவமானமும் ஊருக்கு அஞ்சாத ஒரு நாக்கும். மகள்களுக்குப் பிறப்புரிமையாகப் பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தம் வர 1989 ஆக வேண்டியிருந்தது.

ஷண்முகசுந்தரம் நாகம்மாளை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ தீர்ப்பெழுதவில்லை. கெட்டியப்பனோடு அவள் பேசுவதை ஊர் அலராக்குகிறது. சங்கத் தலைவிக்கு அலர் கல்யாணத்தில் முடிந்தது. நாகம்மாளுக்கு அப்படி முடிவதற்கு ஊரில் இடமே இல்லை. ஈராயிரம் ஆண்டுகளில் அலர் என்னவாக மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சங்கம் என்ற பெயர்

நாமக்கல் வட்டாரத்தின் பொதுவுடைமை எழுத்தாளர் கு. சின்னப்ப பாரதி (1935–2022) இதே கேள்விக்கு வேறு விடை சொன்னார். அவருடைய ‘தாகம்’ (1975) நிலத்தை இழந்து கூலியாகும் உழவரின் துயரையும் அவர்கள் அமைப்பாகத் திரள்வதையும் சொல்கிறது. ‘சங்கம்’ (1985) கொல்லிமலைப் பழங்குடி மக்கள் தங்களைச் சுரண்டுவோருக்கு எதிராக ஒன்றுகூடுவதைச் சொல்கிறது. கபிலரும் பரணரும் பாவையைக் கண்ட மலையில் அவர் உழைக்கும் மனிதர்களைக் கண்டார்.

‘தாகம்’, ‘சங்கம்’, ‘சர்க்கரை’, ‘சுரங்கம்’ ஆகிய தலைப்புகளில் ஆள் பெயர் இல்லை. தனிமனிதரின் விடுதலை தனியே நடக்காது, கூட்டாகவே நடக்கும் என்ற கொள்கை தலைப்பிலேயே இருக்கிறது. ஊருக்கு எதிராக இன்னொரு கூட்டத்தை, சாதியால் சேராத கூட்டத்தை, அவர் முன்வைத்தார். அந்தக் கூட்டத்துக்குள்ளும் கரைய மறுக்கும் மனிதர் உண்டே, அவர் கதி என்ன என்ற கேள்வி அவர் நாவல்களில் அதிகம் எழுவதில்லை. ஆயினும் பண்ணையத்தில் கிடந்தவர்களைக் கதையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியதற்காக இந்த மாவட்டம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஊர் வைத்த பெயர்கள்

திருச்செங்கோட்டுக்கு அருகே 1966-இல் பிறந்த பெருமாள்முருகன் மேலே சொன்ன எல்லா ஓடைகளையும் அறிந்தவர். ஷண்முகசுந்தரத்தின் படைப்புகளை ஆய்வு செய்தவர், கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தவர், நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். ‘ஏறுவெயில்’ (1991) தொடங்கி முப்பதாண்டுகளாக அவர் எழுதிய நாவல்களை ஒரே நூலாகக் கோத்தால், ஊர் மனிதருக்கு வைக்கும் பெயர்களின் அகராதி கிடைக்கும்.

‘கூளமாதாரி’யில் (2000) பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவர்கள் வருகிறார்கள். கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி என்பவைதான் அவர்களுக்குப் பெயர். குட்டை, நெட்டை, வயிறு, ஊனம் என்று உடம்பைப் பார்த்து வைத்த அடையாளங்கள் அவை. பண்ணையக்காரர் மகனுக்கோ செல்வன் என்று முழுப்பெயர். ஒரே வயது, ஒரே காடு, ஒரே விளையாட்டு. மேய்ச்சல் காட்டில் அவர்கள் கூட்டாளிகள். தொண்டுப்பட்டிக்குத் திரும்பியதும் ஒருவன் ஆள், ஒருவன் எசமான். நட்பு உண்மையானது என்பதையும் அந்த நட்பால் எதுவும் மாறாது என்பதையும் ஒரே மூச்சில் சொல்வதுதான் இந்த நாவலின் பெருமை.

‘கங்கணம்’ (2007) பெண் கிடைக்காமல் தவிக்கும் மாரிமுத்துவின் கதை. முப்பத்தைந்து வயது, காடு தோட்டம் எல்லாம் உண்டு. பெண் பார்க்கப் போகப் போகப் புரிகிறது, அவன் சாதியில் பெண்களே குறைந்துவிட்டார்கள் என்பது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய மாவட்டம் சேலம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 2001 கணக்கெடுப்பிலும் அந்த மாவட்டத்தில் 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-ஐ எட்டவில்லை. நிலம் பிரியக் கூடாது, சீர் கொடுக்க முடியாது என்று ஒரு தலைமுறை போட்ட கணக்கு அடுத்த தலைமுறையின் ஆண்மகன் தலையில் வந்து விடிகிறது. பலியாகும் மாரிமுத்துவும் அந்தக் கணக்கின் பயனாளிதான். தனிமனிதர் ஒருபக்கம், சமூகம் மறுபக்கம் என்று கோடு கிழித்துப் பேச முடியாது என்பதை இந்த நாவல் போல உணர்த்தியது வேறில்லை.

‘பூக்குழி’யில் (2013) சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன், வேறு சாதிப் பெண்ணான சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்கு அழைத்து வருகிறான். ஊருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவள் என்ன சாதி? நாவல் கடைசிவரை அதைச் சொல்வதில்லை. ஊர் கேட்கும் பெயரைத் தர ஆசிரியர் மறுக்கிறார். வாசகர் அதை ஊகிக்க முயலும் ஒவ்வொரு முறையும், தானும் அந்த ஊரில் ஒருவர் என்று அறிந்துகொள்கிறார்.

பொன்னா

2010-இல் வெளிவந்த ‘மாதொருபாக’னின் காலம் நாட்டு விடுதலைக்கு முந்தையது. காளியும் பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கும் தம்பதி. பன்னிரண்டு ஆண்டாகக் குழந்தையில்லை. ஊர் அவளுக்கு வைக்கும் பெயர் ‘வறடி’. விதைப்புக்கு அவள் கை ஆகாது, சீருக்கு அவள் முன்னால் நிற்கக் கூடாது. அவள் திருச்செங்கோட்டு மலையுச்சியின் வறடிக்கல்லையும் உயிரைப் பணயம் வைத்துச் சுற்றி வருகிறாள். தேர்நோம்பியின் பதினான்காம் நாள் இரவு, பிள்ளையில்லாத பெண் முன்பின் அறியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்று ஊர் தானே ஒரு வழி வைத்திருக்கிறது என்று குடும்பத்தார் சொல்லும்போது கதை முறுகுகிறது.

இந்த நாவலில் கொடியவர் யாருமில்லை. அவளை அந்த இரவுக்கு அனுப்பும் தாயும் மாமியாரும் அண்ணனும் அவள்மேல் அன்பு கொண்டவர்கள். பிள்ளையில்லை என்று வறுத்தெடுத்த ஊரே பிள்ளைக்கு ஒரு மறைவழியும் வைத்திருக்கிறது. அந்த வழியில் போனவளை ஏற்க வேண்டிய கணவன் மனத்திலோ ஊரின் இன்னொரு சட்டம் குடியிருக்கிறது. காளிக்கும் பொன்னாவுக்கும் நடுவே இறுதியில் வந்து நிற்பது வெளியூர் ஆள் எவருமில்லை, அவர்களுக்குள்ளேயே இருக்கும் ஊர். கல்யாணமே வேண்டாம் என்று சுதந்திரமாகத் திரியும் நல்லுப்பையன் சித்தப்பாவை ஆசிரியர் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார். ஆணாகவும் தனியாளாகவும் இருந்தால் ஊரைச் சிரித்துக் கடக்கலாம். பொன்னாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பிறகு நடந்ததை நாடறியும். 2014 டிசம்பர் இறுதியில் திருச்செங்கோட்டில் நூல் எரிக்கப்பட்டது. தங்கள் ஊரையும் கோயிலையும் பெண்களையும் நாவல் இழிவுபடுத்துகிறது என்பது எதிர்த்தவர்களின் குற்றச்சாட்டு. கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் நடத்திய பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் மன்னிப்புக் கேட்டு, விற்காத படிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். தன் பெயருக்குத் தானே இழவு சொல்ல நேர்ந்தது அவருக்கு.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தச் சமரசப் பேச்சு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காத நூலைப் படிக்காமல் விடலாம், எழுத்தாளர் உயிர்த்தெழுந்து தனக்கு நன்றாக வரும் எழுத்துக்குத் திரும்பட்டும் என்பது அதன் சாரம். ‘கோழையின் பாடல்கள்’ என்ற கவிதைத் தொகுப்போடும், ஆட்டுக்குட்டியை நாயகியாக்கிய ‘பூனாச்சி’யோடும் அவர் திரும்பினார். 2023-இல் ‘பூக்குழி’யின் ஆங்கில வடிவம் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில வடிவம் அதே ஆண்டு ஜே.சி.பி. பரிசைப் பெற்றது.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1857-இல் ‘மதாம் பொவாரி’க்காகப் பாரிஸில் நீதிமன்றம் ஏறிய பிளாபேர் விடுதலையானார். தன் வட்டாரத்தைக் கற்பனைப் பெயரால் எழுதிய ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் ‘ஜூட்’ 1895-இல் வந்தபோது எழுந்த வசையால், அவர் அதற்குப்பின் புதிய நாவல் எதுவும் எழுதாமல் 1928-இல் இறக்கும்வரை கவிதையிலேயே இருந்துவிட்டார். மூன்று ஊர்களிலும் மூன்று நாவல்களும் செய்த குற்றம் ஒன்றுதான். கல்யாணம் என்ற ஏற்பாட்டுக்குள் ஒரு மனிதர் என்ன பாடுபடுகிறார் என்பதை, பெயர் சொல்லி எழுதின. அகத்தில் பெயர் சொல்லக் கூடாது என்ற பழைய விதியை நாவல் மீறியதும், அலர் நூலின் பக்கம் திரும்பியது.

எழுதப்படாதவர்கள்

இந்த மரபைப் பெருமையோடு பார்க்கும்போதே அதன் இடைவெளிகளையும் சொல்ல வேண்டும். பார்வதியை எழுதியவர் ஆண். நாகம்மாளை எழுதியவர் ஆண். பொன்னாவை எழுதியவரும் ஆண். கூளையனின் கதையைச் சொன்னவர் நிலமுள்ள சாதியில் பிறந்தவர். அவர்கள் பரிவோடும் நேர்மையோடும் எழுதினார்கள். ஆனாலும் பொன்னா தானே தன் கதையைச் சொன்னால் எப்படியிருக்கும், கூளையன் தானே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டால் எது வைப்பான் என்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

சமவெளியும் மாறிவிட்டது. மேட்டாங்காட்டில் கோழிப்பண்ணைகள் நீண்டு கிடக்கின்றன. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போர் போடுகின்றன. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளும் விசைத்தறிகளும் ஓடுகின்றன. மதிப்பெண்ணுக்காகவே பிள்ளைகளை அடைத்து வைக்கும் விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் தமிழகம் முழுவதிலிருந்தும் மாணவரை இங்கே இழுத்தன. மாதக்கணக்கில் வீடு திரும்பாத ரிக் தொழிலாளி, விசைத்தறியில் முன்பணம் வாங்கிக் கட்டுண்ட குடும்பம், விடுதியின் இரவில் விழித்திருக்கும் மாணவி ஆகியோரிடம் இன்றைய ஊர் என்ன கேட்கிறது? அலர் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறது. அம்பலுக்கும் அலருக்கும் நடுவே முன்பிருந்த கால இடைவெளி இன்று ஒரு நொடிகூட இல்லை. இந்த மனிதர்களைப் பற்றி ஒரு ‘நாகம்மாள்’ அளவுக்கு ஆழமான நாவல்கள் பல வர வேண்டும்.

முடிவாக

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் நான்கு நிலைகள் தெரிகின்றன. சங்கப் பாடல் தனிமனிதரின் மனத்தைப் பெயரின்றிப் பாடியது. சீர்திருத்தக் கதை அவரைச் சாட்சியாக நிறுத்தியது. இயக்க நாவல் அவரைக் கூட்டத்தில் சேர்த்தது. ‘நாகம்மா’ளும் ‘கங்கண’மும் ‘மாதொருபாக’னும் ஊர் மனிதருக்கு வெளியே இருப்பதோடு அவருக்குள்ளேயும் இருக்கிறது என்று காட்டின. இவற்றில் கடைசி நிலையே மிகக் கடினமானது, மிக உண்மையானதும் அதுவே என்பது என் தீர்ப்பு. மற்ற மூன்றும் வாசகரை வழக்குக்கு வெளியே உட்கார வைக்கின்றன. இது அவரையும் கூண்டில் ஏற்றுகிறது. ஊர் இதற்கு அஞ்சுவதும் அதனால்தான்.

பள்ளி கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறுந்தொகையில் அலர் பற்றிய ஒரு பாடலை நடத்தும் அன்றே ‘நாகம்மா’ளின் ஓர் அத்தியாயத்தையும் வகுப்பில் படித்துக் காட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே ஈராயிரம் ஆண்டு இருக்கிறது, ஒரே ஊர் இருக்கிறது என்பதை மாணவர்கள் தாமே கண்டுகொள்வார்கள். அவர்களில் ஒருத்தி நாளை தன் பாட்டியின் கதையை, பாட்டியின் பெயரோடு எழுத உட்காரும்போது, அவள் கையைப் பிடித்து நிறுத்தாமல் இருப்பது நம் எல்லோருடைய கடமை.